பேரை மாத்து... அப்புறம் பார்க்கலாம்!

ஒரு நாட்டின் பெயர் யாருக்குச் சொந்தம்? அந்த நாட்டு மக்களுக்குத்தானே என்பீர்கள். கிரேக்கத்திடம் கேட்டால் பதில் வேறு!

1991-ல் யுகோஸ்லாவியா உடைந்தபோது மாசிடோனியா தனி நாடானது. பக்கத்து வீட்டு கிரேக்கம் குதித்தது. "மாசிடோனியா எங்கள் வடக்குப் பகுதியின் பெயர், அலெக்சாண்டர் எங்கள் ஆள்" என்பது வாதம். விளைவு? 1993-ல் ஐ.நா.வில் 'முன்னாள் யுகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற நீள வாலோடுதான் அந்த நாடு நுழைய முடிந்தது. 1994-ல் கிரேக்கம் வர்த்தகத் தடை போட்டது. கடலே இல்லாத நாட்டுக்குத் தெசலோனிகி துறைமுகத்தை மூடினால் அது குரல்வளையைப் பிடிப்பது இல்லையா? 1995-ல் கொடியை மாற்ற ஒப்புக்கொண்ட பிறகுதான் பிடி தளர்ந்தது.

மாசிடோனியா ஒன்றும் அப்பாவி இல்லை. விமான நிலையத்துக்கு அலெக்சாண்டர் பெயர், 2011-ல் தலைநகர் ஸ்கோப்யே நடுவில் குதிரை மேல் பிரம்மாண்டச் சிலை என்று சீண்டியது உண்மை. ஸ்லாவிய மக்கள் அங்கே வந்ததே அலெக்சாண்டர் செத்து எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் கழித்து! ஆனால் சிலை வைத்ததற்கு வாழ்நாள் தண்டனையா? நேட்டோவில் சேர விடாமல் 2008-ல் கிரேக்கம் தடுத்தது ஒப்பந்த மீறல் என்று 2011-ல் சர்வதேச நீதிமன்றமே 15-க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது. என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் 2018-ல் பிரெஸ்பா ஏரிக்கரையில் சிப்ராஸும் சயேவும் சமரசம் செய்தார்கள். 2019-ல் பெயர் 'வடக்கு மாசிடோனியா' ஆனது. 2020 மார்ச்சில் நேட்டோ கதவு திறந்தது. ஐரோப்பிய ஒன்றியக் கதவு? அதே 2020 நவம்பரில் பல்கேரியா வந்து குறுக்கே நின்றது. "உங்கள் மொழியே எங்கள் மொழியின் வட்டார வழக்குதான்" என்றது! 2022-ல் தடையை விலக்கியபோதும், அரசியல் சட்டத்தில் பல்கேரியரைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது.

கொடி போச்சு, பெயர் போச்சு, இனி மொழியும் வரலாறுமா? ஒரே ஒரு உறுப்பு நாட்டின் வீட்டோவுக்கு மொத்த ஒன்றியமும் கைகட்டி நிற்பதற்குப் பெயர் ராஜதந்திரமா? விட்டுக்கொடுத்த சிப்ராஸ் 2019-லேயே தேர்தலில் தோற்றார். சயேவின் கட்சி 2024-ல் ஆட்சியை இழந்தது. புதிய அதிபர் பதவியேற்பிலேயே 'வடக்கு' என்ற சொல்லை விழுங்கினார், கிரேக்கத் தூதர் எழுந்து போனார்.

சமரசம் செய்தவனுக்குக் கூலி கொடுக்காவிட்டால் வீம்பு பிடிப்பவன்தான் ஜெயிப்பான். இதைப் பார்த்த பிறகு நாளை எந்தத் தலைவர் துணிந்து கையெழுத்துப் போடுவார், சொல்லுங்கள்?