வயித்துல ஆபரேஷன், தோள்பட்டையில வலி

எங்க ஆம்பூர் பக்கம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைக் கேட்டா "லேசர்தாங்க"ன்னு சொல்வாங்க. லேசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது லேப்ராஸ்கோபி. மூணு நாலு சின்ன ஓட்டை, ஒரு கேமரா. இந்தியாவுல 1990ல மும்பையில டாக்டர் டெஹம்டன் உட்வாடியா இப்படிப் பித்தப்பையை எடுத்தார். வயித்தைக் கிழிச்சு எடுக்கறதை விட வலி கம்மி, ஒத்துக்கறேன். ஆனா ஓட்டை சின்னதுங்கறதால வலியே இருக்காதுன்னு ஜனங்க நம்பறதும், அதை யாரும் திருத்தாததும்தான் எனக்குக் கடுப்பு.

என் சித்தி ஷூ கம்பெனியில அப்பர் தைக்கறவங்க. வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன். அன்னிக்கு ராத்திரி வலது தோள்பட்டை பிடிச்சு இழுக்க, ஹார்ட் அட்டாக்னு பயந்து அழுதுட்டே இருந்தாங்க. டாக்டர் வந்து பார்த்துட்டு, "கேஸ் வலிம்மா, நிறைய பேருக்கு வரும்"னார். நிறைய பேருக்கு வரும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?

விஷயம் இதுதான். உள்ளே பார்க்க இடம் வேணும்னு வயித்தை கார்பன் டை ஆக்சைடு வச்சு உப்ப வைக்கறாங்க. அது உதரவிதானத்தை உறுத்தும். அதோட நரம்பு கழுத்துல இருந்து வருது, தோள்பட்டை நரம்புகளும் அங்கேருந்துதான். மூளை குழம்பிடுது. எரர் ஒரு ஃபைல்ல, மெசேஜ் வேற ஃபைல்ல, நம்ம பொழப்பு மாதிரியே :) ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். மெதுவா எழுந்து நடந்தா நல்லது. இருமும்போது வயித்துல தலையணையை அணைச்சுக்கலாம். வேலூர்லேருந்து பஸ்ல திரும்பும்போதும் அந்தத் தலையணை கூட வரட்டும், ஸ்பீட் பிரேக்கர் வரும்போது அருமை தெரியும்.

அடுத்த கொடுமை சொந்தக்காரங்க. "வலி மாத்திரை போடாதேடி, கிட்னி போயிடும்." சித்தியும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மாத்திரையைத் தலையணைக்கடியில ஒளிச்சு வச்சாங்க. வலியில மூச்சை இழுத்து விட முடியல, நடக்க முடியல. கிட்னி பிரச்சனை, அல்சர் இருக்கறவங்களுக்குச் சில மாத்திரை ஆகாது, நிஜம்தான். அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். மத்தபடி அவர் எழுதின மாத்திரையை எழுதின நேரத்துக்குப் போடணும். வலி உச்சத்துக்குப் போனப்புறம் போட்டா அடங்க நேரமாகும். அது கூடவே கடையில வாங்கின காய்ச்சல் மாத்திரையைச் சேர்க்காதீங்க, ரெண்டுலயும் பாராசிட்டமால் இருந்தா அளவு தாண்டிடும்.

நாளுக்கு நாள் வலி கூடினா, காய்ச்சல் வந்தா, கண்ணு மஞ்சளானா, நெஞ்சடைப்பு மூச்சுத்திணறல் இருந்தா, அது கேஸ் வலி இல்ல. உடனே ஆஸ்பத்திரி.

சித்திக்கு ஈஎஸ்ஐ இருந்துச்சு, லீவு நாளுக்குக் கூலியில 70 சதவீதம் கிடைச்சுது. வீட்டுல உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவுன்னு தைக்கற பொம்பளைங்களுக்கு அதுவும் இல்ல. நாலாம் நாளே ஊசியை எடுத்துடறாங்க. அவங்ககிட்ட போய் ரெஸ்ட் எடுங்கன்னு எந்த வாயால சொல்றது?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டறவன். பிரியாணி எப்ப சாப்பிடலாம்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, அதையும் டாக்டர்கிட்டயே கேளுங்க.