ராணுவத்தோடு களத்தில் நிற்கும் விமானப்படை கமாண்டோ... பெயர் ஏன் வெளியே தெரிவதில்லை?

2017 நவம்பர் 18. காஷ்மீரின் பந்திப்போரா மாவட்டத்தில் பயங்கரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டைப் பாதுகாப்புப் படையினர் சுற்றி வளைத்தனர். 6 பயங்கரவாதிகள் கொல்லப்பட்டனர். நம் தரப்பில் ஒரு வீரர் உயிரிழந்தார்.

இப்படிச் செய்தி வந்தால், இறந்தவர் ராணுவ வீரர் என்றுதான் நினைப்போம். ஆனா, அவர் ராணுவமே இல்லை. விமானப்படையின் 'கருட்' கமாண்டோ, கார்ப்பரல் ஜோதி பிரகாஷ் நிராலா. பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்துக்காரர்.

விமானப்படைக்கு அங்கே என்ன வேலை?

2004-ல் உருவான கருட் படையின் முக்கிய வேலை, விமானப்படைத் தளங்களைப் பாதுகாப்பது. எதிரிப் பகுதியில் சிக்கியவர்களை மீட்பதும் உண்டு. களத்தில் நேரடி அனுபவம் கிடைக்க, இவர்களை ராணுவத்தின் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பிரிவுகளோடு சேர்த்து அனுப்பினார்கள். 'அமரன்' படத்துல பார்த்தோமே, மேஜர் முகுந்த் வரதராஜன் பணியாற்றியதும் ராஷ்ட்ரிய ரைபிள்ஸில்தான்.

நிராலாவுக்கு ஒரு மாதம் முன்புதான், அதே மாவட்டத்தில் இன்னும் 2 கருட் வீரர்கள் உயிரிழந்திருந்தனர்.

அங்கீகாரம் கிடைத்ததா?

கிடைத்தது. தப்பி ஓட முயன்ற பயங்கரவாதிகளை எதிர்கொண்ட நிராலா, குண்டு பாய்ந்த பிறகும் சுடுவதை நிறுத்தவில்லை. 2018 குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா அறிவிக்கப்பட்டு வழங்கப்பட்டது. விமானப்படையில் இதற்கு முன் அந்த விருதைப் பெற்ற சுஹாஸ் பிஸ்வாஸ், ராகேஷ் சர்மா இருவருமே விமானிகள். தரையில் சண்டையிட்டதற்காகப் பெற்ற முதல் விமானப்படை வீரர் நிராலாதான்.

சிக்கல் எங்கே?

வேறொரு படையோடு போகிறவருக்கு, சாட்சியும் அந்தப் படைதான். அமெரிக்காவில் இதே 2018-ல் நடந்ததைப் பாருங்க. விமானப்படை வீரர் ஜான் சாப்மன், கடற்படையின் சீல் கமாண்டோ குழுவோடு ஆப்கானிஸ்தான் மலை ஒன்றில் இறங்கியது 2002 மார்ச்சில். அவர் இறந்துவிட்டதாக நினைத்து குழு பின்வாங்கியது. பிறகு ட்ரோன் வீடியோவை ஆராய்ந்த விமானப்படை, அவர் உயிரோடு தனியாகப் போராடியதாக முடிவுக்கு வந்தது. அந்நாட்டின் உயரிய 'மெடல் ஆஃப் ஹானர்' அவர் குடும்பத்தின் கைக்கு வர 16 ஆண்டுகள் ஆனது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காததை ஒரு கேமரா பார்த்திருந்தது. அதுவும் இல்லாமல் போயிருந்தால்?

நாம் என்ன செய்யலாம்?

பணியில் இருக்கும் கமாண்டோக்களின் பெயர் வெளியே வரக்கூடாது. அது அவர்கள் பாதுகாப்புக்காக. ஆனா, உயிர் போன பிறகாவது அவர் எந்தப் படை என்பதைச் சரியாகச் சொல்லலாமே. எங்களைப் போன்ற செய்தி டெஸ்க்குகளுக்கும் சேர்த்துத்தான் இது.

நிராலாவின் தோழர்கள் அவரை மறக்கவில்லை. 2019-ல் அவருடைய தங்கை கல்யாணத்துக்குப் போன கருட் வீரர்கள், மணப்பெண் நடந்து வர தங்கள் உள்ளங்கைகளைத் தரையில் விரித்தார்கள். அந்தப் போட்டோ வைரலானது. நிராலா என்ற பெயரை நம்மில் பலர் முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான்.