ஐந்தாண்டுக் காத்திருப்பு எதற்கு?

மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வு நூல்களை விரித்து வைத்து, அவற்றில் பிறர் முன்பே அடிக்கோடிட்ட வரிகளைத் தம் நோட்டில் பெயர்த்தெழுதும் பட்டதாரிகளில் பலர், கோ.புதூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, மூன்றாண்டுக்கொருமுறை தவறாது புதுப்பித்து வருபவர்களே. அந்தப் பதிவுக்குப் பிரதியாக அவர்கள் பெறுவது யாது?

பதிவு செய்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே, அதுவும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கே, தமிழக அரசின் உதவித்தொகை கிட்டும். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கு 200 ரூபாய், மூன்றாண்டுகளுக்கு மட்டும். 21 வயதில் பதிந்த பெண்ணின் கைக்கு 26 வயதில் வந்து சேர்வது நாளொன்றுக்கு 20 ரூபாய். 29 வயதில் அதுவும் நின்றுபோகிறது.

மெய்யாகவே வேலையற்றவர் யார் என்று அறிய இத்தவணை அவசியம் என்பார் உளர். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஓராண்டு நிறைந்ததுமே உதவி வழங்கும் அதே அரசு, ஏனையோர் விஷயத்தில் மட்டும் ஐந்தாண்டு கேட்பதற்கு நியாயம் இல்லை. உதவி பெறுவோர் சோம்பேறிகளாவர் என்பதும் வீண் அச்சம். 20 ரூபாயை நம்பி உழைப்பைத் துறப்பவர் எவருமிலர்.

உதவித்தொகை இருக்கட்டும், பதிவால் வேலையாவது கிட்டுகிறதா? 1945இல், யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் மறுவாழ்வுக்கெனத் தோன்றிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள், 1948இல் சகலருக்கும் திறக்கப்பட்டன. 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அறிவிக்க வேண்டுமென 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால், அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டுமென்று நிர்ப்பந்திக்கவில்லை. அரசுப் பணிகளுக்கும் பொது விளம்பரம் வேண்டுமென்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பதிவு மூப்பின் பழைய மதிப்பு குன்றியது. அதை நம்பிக் காத்திருக்கும் வழக்கம் மட்டும் குன்றவில்லை.

ஆகவே அலுவலகத்தின் பணியே மாறியாக வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையமும் சிட்கோ தொழிற்பேட்டையும் அதே புதூரில்தான் இருக்கின்றன. தொழிற்கூடங்களுக்கு அதிகாரிகள் நேரில் சென்று, எத்தொழிலுக்கு ஆள் தேவை, கூலி என்ன என்று கேட்டறிந்து, பதிந்தவரைப் பயிற்சிக்கும் பணிக்கும் அனுப்புவதே அவர்களின் முதற்கடமையாகட்டும். முழுநேரம் பயில்பவருக்கு உதவித்தொகை கிடையாது என்ற விதியிலிருந்து தொழிற்பயிற்சிக்கு விலக்களித்தல் வேண்டும். தொழில் கற்க முன்வருபவரைத் தண்டிப்பது எவ்விதத்திலும் தர்மமாகாது.

காத்திருப்பை ஓராண்டாகக் குறைத்து, பஸ் கட்டணத்துக்கும் தேர்வுச் செலவுக்குமேனும் போதுமான அளவு தொகையை உயர்த்தி, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். உழைக்கச் சித்தமாயிருப்பவருக்குப் பதிவு எண்ணைத் தந்து அனுப்பிவிடுவதோடு ஒரு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது.