‘வெறும் 0.1%’ குறைவா, அதிகமா? பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏமாற்றும் எண்கள்

மாதக் கடைசி. அவசரமாக ரூ.50,000 தேவை. கைபேசியில் இரண்டு கடன் வாய்ப்புகள். ஒன்றில் ‘மாதம் 1% வட்டி’. இன்னொன்றில் ‘நாளொன்றுக்கு வெறும் 0.1%’. “0.1 தானே, இதையே எடுத்துக்கலாம்” என்றுதான் பலருக்கும் சட்டெனத் தோன்றும்.

கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. முதல் கடனுக்கு மாத வட்டி ரூ.500. இரண்டாவதற்கு நாளுக்கு ரூ.50, அதாவது 30 நாளைக்கு ரூ.1,500. ஆண்டுக் கணக்கில் 12% எங்கே, 36.5% எங்கே!

இதில் ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் அல்ல. 50,000 பெரிதா, 5,000 பெரிதா என்று கேட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். 0.5-ம் 0.05-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் ‘ரெண்டும் சின்னதுதானே’ என்று மனம் தாண்டிப் போய்விடுகிறது. இங்கேயும் இருப்பது அதே பத்து மடங்கு வித்தியாசம்தான்.

தடுமாற்றம் எங்கே?

சிறுவயதில் முதலில் பழகுவது முழு எண்கள். அங்கே இலக்கம் கூடினால் மதிப்பும் கூடும். அந்தப் பழக்கத்தில் 0.125-ஐ 0.5-ஐ விடப் பெரிது என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. பின்னத்திலும் இதே சிக்கல்தான்: 8 பெரிய எண், ஆனால் 1/8 என்பது 1/4-ஐ விடச் சிறியது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் இன்னும் குழப்பம். -0.5-ஐ விட -0.05-தான் பெரியது; அதாவது, குறைவான நஷ்டம்.

சரி, 3/80 பெரிதா, 0.04 பெரிதா? பார்த்தவுடன் சொல்வது கடினம். அதையே ‘பத்தாயிரத்துக்கு எவ்வளவு’ என்று மாற்றிக் கேட்டால் 375-ம் 400-ம் கிடைக்கின்றன. விடை தானாகத் தெரிந்துவிடுகிறது.

தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்?

சிறிய எண்களோடு தினமும் புழங்குபவர்கள் தசமப் புள்ளியை நம்புவதில்லை. ரெப்போ வட்டி 0.25% குறைந்தால், நிதித் துறையினர் ‘25 பேசிஸ் பாயின்ட்’ என்பார்கள். ஒரு சதவீதத்தை நூறு துண்டாக்கி, முழு எண்ணாக்கிவிட்டார்கள். தைராய்டு மாத்திரை அட்டையில் 0.025 மில்லிகிராம் என்று போடாமல் 25 மைக்ரோகிராம் என்று போடுவதும் இப்படித்தான். புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். அதனால்தான் மருந்துச் சீட்டில் ‘.5’ என்று எழுதாமல் ‘0.5’ என்றும், ‘1.0’ என்று எழுதாமல் ‘1’ என்றும் எழுதச் சொல்கிறார்கள். முன்னதை 5 என்றும் பின்னதை 10 என்றும் படித்துவிட வாய்ப்பு உண்டு.

தமிழ்க் கணக்கிலும் இதே வழி இருந்தது. 1/20 ஒரு மா, 1/80 ஒரு காணி, 1/320 ஒரு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. மூன்று காணி பெரிதா, ஒரு மா பெரிதா என்று கேட்டால், வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு யோசிக்கவே வேண்டாம். சின்ன அளவுக்கும் தனிப் பெயர் இருந்ததால் அது கண்ணுக்குத் தெரிந்தது.

பர்ஸுக்கு என்ன ஆகும்?

மியூச்சுவல் ஃபண்டுகளின் செலவு விகிதத்தை எடுத்துக்கொண்டால், 0.2%, 1.2% இரண்டுமே அற்பமாகத் தோன்றும். ரூ.10 லட்சம் முதலீடு, செலவுக்கு முன் ஆண்டுக்கு 12% வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டு முடிவில் முதல் ஃபண்டில் சுமார் ரூ.93 லட்சமும், இரண்டாவதில் சுமார் ரூ.78 லட்சமும் இருக்கும். அந்த ‘ஒரே ஒரு சதவீதத்தின்’ விலை ரூ.15 லட்சம்.

செயலி வழிக் கடன்களுக்கு, எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முக்கியத் தகவல் அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்தது. நல்ல விதி. ஆனால், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘வெறும் 0.1%’தான் முதலில் கண்ணில் படுகிறது. விகிதம் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் ‘பத்தாயிரத்துக்கு ஆண்டுக்கு இத்தனை ரூபாய்’ என்றும் போடச் சொல்வதே நியாயம். பள்ளிகளும் பின்னத்தைத் தசமமாக மாற்றச் சொல்லித் தருவதோடு நிற்காமல், எது எத்தனை மடங்கு என்று கேட்டுப் பழக்க வேண்டும்.

அதுவரை, ‘சம்மதம்’ பொத்தானைத் தட்டுவதற்கு முன் இரண்டே கேள்விகள் போதும்: பத்தாயிரத்துக்கு எவ்வளவு? நாளுக்கா, மாதத்துக்கா, வருஷத்துக்கா?