பெயரிழந்த போத்தல்

தெமட்டகொடையின் ஒழுங்கைகளில் நடப்பவர்கள் அண்மைக் காலத்தில் ஒரு சிறு கைத்தொழிலைக் கண்டிருப்பார்கள். பேஸ்லைன் வீதியின் இரைச்சலுக்கு அப்பால், நெருங்கி நிற்கும் தோட்டத்து வீடுகளின் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதனுள் மரக்கோலால் கலக்கப்படும் திரவம். அருகே கழுவிக் கவிழ்த்த வெறும் போத்தல்கள். பாத்திரம் கழுவும் திரவம் தயாராகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரமும் எட்டாத விலைக்கு ஏறியபோது, வீட்டுத் தேவைக்காகவும் விற்பனைக்காகவும் இத்தொழிலைக் கைக்கொண்ட பெண்மணிகளின் துணிவை நாம் மெச்சுகிறோம். அதனைக் கைவிடுங்கள் என்று கூறுவது நமது நோக்கமன்று. அவ்வாளியினுள் ஊற்றப்படும் ஒரு பொருளைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

கடைக்காரர்கள் அதனை ‘லப்சா’ என்று சுருக்கமாகச் சொல்லுவர். முழுப் பெயர் நேர்ச்சங்கிலி அற்கைல் பென்சீன் சல்போனிக்கமிலம். ஆய்வுகூட அலுமாரியில் இதன் நெருங்கிய உறவினரை டொடெசைல் பென்சீன் சல்போனிக்கமிலம் என்ற பெயரோடு மாணவர்கள் காணலாம். பெயரின் இறுதியில் நிற்கும் ‘அமிலம்’ என்ற சொல்லே முக்கியமானது. கடைக்காரரின் சுருக்கப் பெயரில் விழுங்கப்பட்டுவிடுவதும் அச்சொல்லே. நூற்றுக்கு 96 பங்கு வரையில் செறிந்த நிலையில் விற்கப்படும் இப்பொருளில் சிறிதளவு சல்பூரிக்கமிலமும் கலந்திருக்கும். கபில நிறம், தடித்த பதம். கித்துள் பாணியைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் எப்படியிருக்குமோ, ஏறத்தாழ அப்படியே இருக்கும். இவ்வொற்றுமையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இதன் மூலக்கூறு இரு வேறு குணங்கள் கொண்டது. ஒரு முனை நீரை விரும்பும். மற்றைய நீண்ட வால் எண்ணெயை விரும்பும். பாத்திரத்தில் ஒட்டிய கொழுப்பினுள் வாலை நுழைத்து, தலையை நீரிலே நிறுத்தி, கொழுப்பைச் சிறு துளிகளாகக் கழற்றிக்கொண்டு வருவதே அழுக்கு நீக்கும் வித்தை. ஆனால் நமது தோலின் மேற்படையிலும் கொழுப்பு உண்டு. கண்ணின் மெல்லிய படலங்களும் அத்தகையனவே. பாத்திரத்துக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை அம்மூலக்கூறு அறியாது. ஆகவே இவ்வமிலம் தோலை நன்றாக நனைத்துப் பற்றிக்கொண்டு அரிக்கின்றது. தடித்த பொருளாதலின் இலகுவில் வழிந்தோடுவதுமில்லை. கண்ணிற் பட்டால் கருவிழியே பழுதாகலாம்.

சர்வதேசப் போக்குவரத்து விதிகளில் இதற்கு ஐக்கிய நாடுகள் இலக்கம் 2586. வகுப்பு 8, அதாவது அரிக்கும் பொருள். பெரிய பீப்பாவில், ஒரு கையின் மீதும் உலோகத்துண்டின் மீதும் துளிகள் விழுந்து அரிக்கும் சித்திரம் ஒட்டப்பட்டிருக்கும். பீப்பா துறைமுகத்திலிருந்து மொத்த வியாபாரியிடம் சேரும் வரையில் அச்சித்திரமும் கூடவே வரும். அதன் பின்னர் நடப்பதுதான் கவலைக்குரியது. சில்லறையாக ஒரு லீற்றர், அரை லீற்றர் கேட்பவருக்கு, கையில் அகப்படும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றிக் கொடுக்கிறார்கள். சித்திரம் பீப்பாவோடு நின்றுவிடுகிறது. பெயரிழந்த போத்தல் வீட்டுக்கு வந்து, குசினி மூலையில், உண்மையான பாணிப் போத்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுகிறது. அதே கடையில் வாங்கிய கோஸ்டிக் சோடாவோ வெண்ணிறச் செதிலாகச் சீனிப் பையைப் போன்றதொரு பையில் வருகிறது. காரமாகிய அது அமிலத்திலும் கொடியது. தசையைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும் இயல்புடையது.

இவ்விடயத்தில் ஒரு வைத்தியரின் பெயரைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. அமெரிக்காவில் வாழ்ந்த செவாலியர் ஜாக்சன் (1865–1958) தொண்டை நோய் நிபுணர். அக்காலத்து அமெரிக்க வீடுகளில் சவர்க்காரம் காய்ச்சவும் குழாய் அடைப்பு நீக்கவும் கோஸ்டிக் காரம் சாதாரணமாக இருந்தது. அதன் பெட்டியில் எச்சரிக்கை எதுவும் இராது. சீனியென எண்ணி அதனை வாயிலிட்ட குழந்தைகள் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். விழுங்கிய கணத்தில் உயிர் தப்பினாலும், உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கி, பின்னர் ஒரு மிடறு நீரும் இறங்காத நிலை அவர்களுக்கு உண்டாகும். அவ்வாறு அடைபட்டிருந்த ஒரு சிறுமியின் தொண்டையை அவர் சீர்செய்ததும், அப்பிள்ளை நீரைப் பருகிப் பார்த்து, அது இறங்கிவிட்டதென அறிந்து அவர் கையை முத்தமிட்டாளாம். 1938 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது சுயசரிதையில் அவர் இதனை எழுதியிருக்கிறார். ஜாக்சன் குழாயை விரிக்கும் வித்தையோடு நின்றுவிடவில்லை. பெட்டியின் மீது ‘நஞ்சு’ என்று அச்சிடச் செய்வதற்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். 1927 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு அதற்கெனச் சட்டமொன்றை இயற்றியது. சத்திர சிகிச்சையில் தேர்ந்த கை, ஒரு சிறு கடதாசித் துண்டுக்காக இத்துணை பாடுபட்டதென்றால் அத்துண்டின் பெறுமதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வாளிக்கு வருவோம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் லப்சாவையும் கோஸ்டிக் சோடாவையும் வாங்காதிருப்பதே நமக்குச் சரியெனப் படுகிறது. ஏற்கெனவே நடுநிலையாக்கிய சவர்க்காரப் பசைகள் கடைகளில் உண்டு. விலை சற்றுக் கூடலாம். அவையும் கண்ணுக்குப் பகையே. ஆயினும் தோலை வேகச்செய்யும் அமிலமல்ல. அமிலத்தைக் கொண்டேதான் செய்வோம் என்பவர்கள், முதலில் கோஸ்டிக் சோடாவை நீரில் கரைத்து ஆறவிடுதல் வேண்டும். சோடாவை நீரிலிடலாம், சோடாவின் மீது நீரை ஊற்றலாகாது, அது கொதித்துத் தெறிக்கும். லப்சாவையும் அவ்வாறே மிகுந்த நீரினுள் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பின்னர் ஆறிய சோடாக் கரைசலை மெல்ல மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் பிறக்குமென்பது மாணவர் அறிந்ததே. அவசரப்பட்டால் அவ்வெப்பம் வாளியை விட்டு முகத்துக்கு வரும். ஒரு கிலோ லப்சாவுக்கு ஏறத்தாழ 125 முதல் 130 கிராம் கோஸ்டிக் சோடா போதும். கண்மதிப்பாகப் பிடியளவில் அள்ளிப் போடுவோரின் திரவம் வாங்குபவரின் கையைப் புண்ணாக்கும்.

சரிபார்க்கத் தாள் கிடைக்காவிடில் முற்றத்துச் செவ்வரத்தம்பூ இருக்கிறது. அதன் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். மஞ்சள் தடவிய கடதாசியோ காரம் மிகுந்தால் சிவந்து காட்டும். அமிலம் மிகுந்திருப்பதை அது சொல்லாது.

பாத்திரம் பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும். அலுமினியச் சட்டியைக் கோஸ்டிக் சோடா தின்று, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளிவிடும். வெளிற்றும் திரவத்தை லப்சாவோடு சேர்த்தல் அதனிலும் கேடு. எழுவது குளோரீன் வாயு. இறப்பர்க் கையுறை, முழங்கையை மறைக்கும் சட்டை, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஆகியன வேண்டும். வாசிப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. காற்றோட்டமுள்ள இடத்தில், பிள்ளைகள் பாடசாலை சென்ற வேளையில் செய்வது உத்தமம். வேலை தொடங்குமுன் குழாயில் நீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வெட்டு நாளில் இவ்வேலையைத் தொடவே வேண்டாம். ஏனெனில் விபத்து நேரின் முதல் மருந்து நீரே.

தோலிற் பட்டால் நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுதல் வேண்டும். கண்ணாயின் இமைகளை விரித்துப் பிடித்து 20 நிமிடமேனும் நீர் ஓடவிட்டு, உடனே கண் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். காரம் பட்ட இடத்தில் தேசிக்காய் பிழிவதும், அமிலம் பட்ட இடத்தில் சோடாவைத் தேய்ப்பதும், பற்பசையோ தேங்காயெண்ணெயோ பூசுவதும் கேட்டையே பெருக்கும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது; இறங்கும்போது சுட்டது ஏறும்போது மீண்டும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். தெமட்டகொடையினருக்குப் பொரளைச் சிறுவர் வைத்தியசாலையும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் தொலைவிலில்லை. தேசிய வைத்தியசாலையிலேயே தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் இயங்குகின்றது. குடித்த போத்தலையும் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். அங்கே வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி ‘என்ன குடித்தார்?’ என்பதே. பெயரில்லாப் போத்தல் அதற்கு மறுமொழி சொல்லாது.

ஆகவே, வாங்கும்போதே உணவுப் போத்தலில் ஊற்ற வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ‘அமிலம் – நஞ்சு’ என்று எழுதி ஒட்டுங்கள். தெமட்டகொடை முற்றங்களில் ஒரே குழாயைத் தமிழரும் சிங்களவரும் பகிர்வதால், பக்கத்து வீட்டாரிடம் கேட்டுச் சிங்களத்திலும் எழுதிவிடுங்கள். எழுத்தறியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு எம்மொழியும் பயன்படாது. அதற்குப் பூட்டிய அலுமாரியின் மேற்தட்டே வேண்டும். வெறுமையான கலனைத் தண்ணீர் நிரப்பி வைக்கவென எவர் கேட்டாலும் கொடாதீர்கள்.