மொட்டை மாடியைப் பூட்டு, ட்ரையரை வாங்கு!

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ஒரு சட்டம் இருக்கிறது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. கேட்டால் 'எலிவேஷன்' கெட்டுப்போகுமாம். சரி, மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அங்கே பூட்டு. சாவி செக்ரட்டரி சார் வீட்டில், அவரோ ஊரில் இல்லை. இப்படி வெயிலை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, அதே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் 'எந்த ட்ரையர் பெஸ்ட்?' என்று நாள் கணக்கில் கும்மி நடக்கிறது. மண்டையைப் பிளக்கும் வெயில் அடிக்கும் ஊரில்!

ட்ரையரே தேவையில்லை என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி மூன்று நாளானாலும் காயாது. காய்ந்தாலும் ஒரு வாடை அடிக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாய் ஒரு பெரியவர் இருக்கும் வீடு, பக்கத்துக் கட்டடம் மறைத்து வெயிலே எட்டிப்பார்க்காத கீழ்த்தள வீடு, இவர்களுக்கெல்லாம் அது ஆடம்பரம் கிடையாது. ஆனால் வாங்கப் போகிறவரிடம் ஷோரூம்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை கிலோ சார்?" கேட்கவே கூடாத கேள்வி என்றில்லை, கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. செமி ஆட்டோமேடிக் மெஷினில் பக்கத்துத் தொட்டியில் துணியைப் போட்டு சுற்றவிடுவதையும் இங்கே 'ட்ரையர்' என்றுதான் சொல்கிறார்கள். அது துணியைக் காய வைப்பதில்லை, சுழற்றிப் பிழிகிறது. சூடான காற்றில் துணியை உருட்டி ஈரத்தை ஆவியாக்குவது வேறு மெஷின். இந்த வித்தியாசம் தெரியாமல் கடைக்குப் போகிறவர் தலையில் எதையும் கட்டலாம்.

ப்ளஸ் ஒன் இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்று ஒரு பாடம் வரும். பாதிப் பேர் அதை சாய்ஸில் விட்டிருப்பார்கள் :) விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஏழு கிலோ பருத்தித் துணி, பிழிந்த பிறகும் சுமார் நாலு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கணக்குப் போட்டால் இரண்டரை யூனிட்டுக்கு மேல்; வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு மூன்று, நாலு யூனிட் கூடப் போகும். அதே துணியை 800 ஆர்பிஎம்முக்குப் பதில் 1400-ல் பிழிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் முன்னாலேயே வெளியே வந்துவிடும். அதற்கு மோட்டார் எடுத்துக்கொள்ளும் கூடுதல் மின்சாரம் சொற்பம். ஆக, ட்ரையருக்கு முன்னால் பார்க்க வேண்டியது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வாஷிங் மெஷினின் ஸ்பின் வேகத்தை. இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். சொன்னால் சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்களே!

அடுத்தது அந்த 'டூ இன் ஒன்'. துவைக்கும், காயவும் வைக்கும், இடம் மிச்சம் என்று ரங்கமணிகள் மயங்கும் சாமான் இது. எட்டு கிலோ துவைக்கும் மெஷின் பெரும்பாலும் ஐந்து கிலோவைத்தான் காய வைக்கும். மீதி ஈரத்துணியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு தங்கமணி என்ன செய்வார்? அதைவிட மோசம், இவற்றில் பல மாடல்கள் நீராவியைக் குளிர வைக்கக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. துணியிலிருந்து நாலு லிட்டரை எடுக்கக் குடக்கணக்கில் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கே இந்த மெஷினை விற்பதற்கு ஒரு தனி தைரியம் வேண்டும்.

மற்ற வகைகளில் குழாய் வழியாக ஈரக்காற்றை வெளியே தள்ளுவது விலை குறைவு. ஆனால் குழாய் ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனிக்குள் விட்டால் ஆறே மாதத்தில் சுவரில் பூஞ்சணம் பூக்கும். குழாய் வேண்டாம் என்று சாதாரண கண்டென்சர் வகையை வாங்கினால் சூடு முழுக்க அறைக்குள் இறங்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி தனியாக ஓட வேண்டும். ஒரே துணிக்கு இரண்டு கரண்ட் பில்! ஹீட் பம்ப் வகைதான் சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் வேலையை முடிக்கிறது. நேரம் கூடுதல், விலையும் கூடுதல். சுவிட்சர்லாந்து 2012-லேயே இந்த வகையை மட்டும் விற்கலாம் என்று சொல்லிவிட்டது; ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையிலிருந்து புது மெஷின்களுக்கு அதே வழிக்கு வந்திருக்கிறது. வாரம் நாலு தடவை ஓட்டுகிற வீட்டுக்கு இதைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்வது அநியாயம். மழைக்காலத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஜன்னலும் குழாயும் போதும்.

கிலோ கணக்கும் இந்த ஊருக்குச் சரிப்படாது. ஆறு கஜம் புடவையும் எட்டு முழ வேட்டியும் உள்ளே போனால் கயிறாக முறுக்கி, கூட இருக்கும் சட்டைகளையும் உருண்டையாகக் கட்டிவிடும். பாதி டிரம் காலியாக இருந்தால்தான் காயும். ஜரிகை, பட்டு பக்கமே போகக் கூடாது. பஞ்சுத் தூசி சேரும் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், சோம்பேறித்தனம் கூடாது. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீடுகளில் ட்ரையரால் தீப்பிடித்தது, முதல் காரணம் சுத்தம் செய்யாததுதான்.

அந்த அமெரிக்காவிலேயே, ஃபுளோரிடாவில் 1980-லிருந்து துணிக்கொடி கட்டுவதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடுக்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழும் ஒன்டாரியோவில் 2008-ல் தனி வீடுகளுக்கான கொடித் தடைகளை அரசே செல்லாததாக்கியது. அங்கே பனி கொட்டும். இங்கே வெயில் சும்மா கிடக்கிறது, கொடி கட்டினால் அபராதம்!

இந்த விதியைப் போடும் கமிட்டிகளில் எத்தனை பேர் தன் துணியைத் தானே காயப்போடுகிறவர்கள்? அழகு கெடுகிறது என்று சொல்லும் அதே மொட்டை மாடியில் டிடிஹெச் குடைகளும், ஏசியின் வெளிப்பெட்டிகளும், வாசலுக்கு ஆகாத உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஜம்மென்று வெயில் காய்கின்றன. அவற்றுக்கு மட்டும் யாரும் சாவி கேட்டு அலைய வேண்டியதில்லை.