ஒற்றைக் கண்ணின் சாட்சி

'தத்ரூபம்' என்ற சொல்லை நாம் மிகவும் மலிவாக்கிவிட்டோம். கம்ப்யூட்டர் வரைந்த வீடு தத்ரூபம். சினிமாவுக்காகக் கம்ப்யூட்டர் எழுப்பிய கோட்டை தத்ரூபம். அதோடு நின்றால் எனக்கு ஆட்சேபமில்லை. அந்தத் தத்ரூபத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, பழைய சீன, ஜப்பானிய ஓவியங்களைப் பார்த்து, "பாவம், அவர்களுக்குத் தூரத்தைக் காட்டத் தெரியவில்லை" என்று இரக்கப்படுகிறார்களே, அந்தப் படித்தவர்களோடுதான் என் சண்டை.

கம்ப்யூட்டர் அப்படி என்னதான் செய்கிறது? நீள அகல உயரமுள்ள பொருளைத் தட்டையான திரையில் காட்டுவதற்காக, முதலில் ஒரு கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிறது. கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருப்பதாகப் பாவிக்கிறது. பொருளின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கண்ணுக்கு ஒரு கோடு. அது கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒரு பொட்டு. கணக்கில் இது வெறும் வகுத்தல்தான். உயரத்தையும் அகலத்தையும் தூரத்தால் வகுக்க வேண்டியது. 10 அடி தூரத்தில் நிற்கும் ஆளை 20 அடிக்குத் தள்ளினால் படத்தில் அவன் பாதி ஆளாகிவிடுவான்.

இது புது ஞானமுமல்ல. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வித்தை படமாகவே இருக்கிறது. சுவரில் ஒரு வளையம், அதன் வழியே ஓடும் நூல், நடுவில் ஒரு சட்டம், மறுபுறம் ஒரு தந்தி வாத்தியம். வளையம்தான் கண். அன்று நூல் செய்ததை இன்று யந்திரம் மின்னல் வேகத்தில் செய்கிறது.

வேகம் பெரிதுதான். ஆனால் வேகமாகச் சொல்வதனால் மட்டும் ஒரு சாட்சி முழு உண்மையாகிவிடுமா? இந்தச் சாட்சிக்கு ஒரே கண். அதுவும் அசையாத கண். நமக்கோ இரண்டு, இரண்டும் ஓயாமல் அலைபவை. கலியாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் மாமா அகன்றுபோவதற்குக் காரணம் விருந்துச் சாப்பாடு மட்டுமல்ல. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். அகன்ற பார்வையில் ஓரமாக ஒரு பந்தை வைத்தால் அது கோழிமுட்டையாக நீளும். கணக்கில் பிழையில்லை, கணக்கே அதுதான்.

இனி எஞ்சினீயரைக் கேளுங்கள். யந்திர உறுப்பை வரையும்போது அவருடைய கோடுகள் ஒரு கண்ணில் போய்க் குவிவதில்லை. ஒன்றுக்கொன்று இணையாகவே செல்லும். தூரம் எதையும் சுருக்காது. இந்த வகையில் ஒரு முறையை விளக்கி 1822-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் கட்டுரையே எழுதினார். இன்று எஞ்சினீயரின் கம்ப்யூட்டரும் இப்படி வரைந்து கொடுக்கிறது. அவரைப் பார்த்து யாராவது, "தூரம் காட்டத் தெரியாதவர்" என்கிறோமா?

பிறகு சீன ஓவியர் ஜாங் ஸெதுவானை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆற்றங்கரை நகரத்தைப் பட்டுச் சுருளில் தீட்டியவர் அவர். அதன் நீளம் 5 மீட்டருக்கு மேல். சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே பார்க்க வேண்டும். அதில் ஒற்றைக் கண்ணை எங்கே நிறுத்துவது? கூரைகளின் கோடுகளைப் பெரும்பாலும் இணையாகவே அவர் விட்டார். அதனால்தான் கடைசிவரை நாமும் அந்த ஜனங்களோடு நடந்துகொண்டே போக முடிகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இது புரியாத விஷயமல்ல. 'நான்' என்று ஒருவன் சொல்லும் கதைக்கு ஒரு வலிமை. ஊர் முழுவதையும் பார்த்துச் சொல்லும் கதைக்கு வேறொரு வலிமை. முன்னதுதான் உண்மை, பின்னது அறியாமை என்று ஒரு விமரிசகர் எழுதினால் சிரிப்போம். மூன்று பரிமாணத்தை இரண்டாக்கினால் ஏதோ ஒன்றை இழந்தே தீரவேண்டும். எதை இழப்பது என்பதை வரைகிறவன் தன் காரியத்தைப் பொறுத்துத் தீர்மானிக்கிறான்.

தூரத்திலிருப்பவன் சின்னவனாகத் தெரிவது நம் கண்ணின் சங்கடம். அதை உலகத்தின் சட்டமாக்கி, அதற்குக் கட்டுப்படாதவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.